பத்துக்கு எத்தனை?

“சார், ஒரு சின்னக் கருத்துக்கணிப்பு. விண்வெளி நிலையத்துல மாட்டிக்கிட்ட ரெண்டு பேரை அந்தத் தனியார் கம்பெனி விண்கலம் பத்திரமா தரையிறக்கிடும்னு நம்புறீங்களா? பத்துக்கு எத்தனை மார்க் போடுவீங்க?”

ஹூஸ்டனிலிருந்து லோர்னா கூப்பிட்ட பதினேழாவது எண் அது. எடுத்தவர் ஒஹையோவில் டிராக்டர் கடை வைத்திருக்கும் ஹாஸ்கெல். சத்தமாகச் சிரித்தார்.

“அந்தத் தகர டப்பாவா? வால்வு ஒழுகுதுன்னு மூணு மாசமா டி.வி.ல கிழிக்கிறாங்க. அதுக்கு என் கடைப் பழைய டிராக்டர்லயே ஏறி வந்துடலாம். சைபர் போடும்மா.”

“ஒரு மூணாவது போடலாமே சார்?”

“கருத்துக்கணிப்புல பேரம் பேசுற ஆளை இப்பத்தான் பார்க்குறேன். நீ கம்பெனி ஆளா?”

“சத்தியமா இல்ல சார். கொஞ்சம் யோசிச்சுச் சொல்லுங்களேன்.”

அவள் குரல் உடைந்ததும் ஹாஸ்கெல் இறங்கி வந்தார். “சரி, அழாதே. ரெண்டு போட்டுக்கோ. ஆனா என் பொண்ணை அதுல ஏத்த மாட்டேன்.”

நோட்டு முழுக்கச் சைபர்களாக இருந்தன. லோர்னா கடைசியில் ‘2’ என்று எழுதி, அதைச் சுற்றி வட்டம் போட்டாள்.

கூடத்திலிருந்து மகள் கத்தினாள். “அம்மா, டி.வி.யைப் பாரு! அப்பா வர்ற விண்கலம் அங்கேர்ந்து கிளம்பிருச்சு!”

கம்பெனியில் எல்லோரும் லோர்னாவிடம் பத்துக்குப் பத்து என்றுதான் சொல்லியிருந்தார்கள். சம்பந்தமே இல்லாத யாராவது ஒருவர் அதைச் சொன்னால் போதும்.

தரையிறங்க இன்னும் ஆறு மணி நேரம் இருந்தது. லோர்னா பதினெட்டாவது எண்ணை அழுத்தினாள்.