வேலிக்கு எத்தனை தூண்

கோல்பி ராட்லிஃப் ஒன்பது வயதுப் பிள்ளைகளின் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். முழங்கால் இரண்டும் மேசைக்கு மேலே தெரிந்தன.

பெரிய நாற்காலி கேட்டால் சர்ச்சில் தரமாட்டார்கள். செவ்வாயும் வியாழனும் எங்கள் பள்ளியை நடத்த இந்த ஞாயிறு பள்ளி அறைகளைத் தருவதே பெரிது.

மற்ற மூன்று நாளும் எங்கள் பிள்ளைகள் வீட்டில் படிக்கிறார்கள். அங்கே அப்பாவோ அம்மாவோதான் டீச்சர். நாங்கள் கணக்குத் தாளும் விடைக்குறிப்பும் கொடுத்தனுப்புவோம். அவர்கள் சொல்லிக்கொடுத்து, திருத்தி, அடியில் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும்.

அந்தக் கையெழுத்துதான் இப்போது பிரச்சினை.

"நீங்க ஒன்பதாவதோட நின்னவர். அது ஒண்ணும் குத்தமில்ல," என்றார் பள்ளி முதல்வர் மிஸஸ் ப்ரூயிட். "ஆனா வீட்டு நாள்ல உங்க பொண்ணு டெஸ்ஸாவுக்கு உங்கள விட்டா வேற டீச்சர் யாரு இருக்கா?"

ராட்லிஃப் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டார். அவர் மனைவி இறந்து இரண்டு வருஷம் ஆகிறது.

மேசைமேல் கடிதம் தயாராக இருந்தது. கிறிஸ்துமஸ் விடுமுறைக்குப் பிறகு டெஸ்ஸா ஊர்ப் பெரிய பள்ளிக்கே திரும்பிப் போய்விட வேண்டும். மிஸஸ் ப்ரூயிட் கையெழுத்துப் போட்டாயிற்று. கணக்கு டீச்சர் என்ற முறையில் நான் போட வேண்டியதுதான் பாக்கி.

அந்தப் பெரிய பள்ளியில் டெஸ்ஸா இரண்டு வருஷம் வாயே திறக்கவில்லையாம். எங்களிடம் வந்த ஆறாவது வாரம் வகுப்பில் கை தூக்கினாள். எல்லோரும் திரும்பிப் பார்த்தோம்.

இருந்தாலும் கணக்கில் பாசம் பார்க்கக் கூடாது என்பது என் கட்சி. பேனாவைத் திறந்து வைத்திருந்தேன்.

மிஸஸ் ப்ரூயிட் டெஸ்ஸாவின் தாளை ராட்லிஃப் பக்கம் தள்ளினார். கடைசிக் கேள்வி. தொண்ணூற்றாறு அடி நீளத்துக்கு நேராக ஒரு வேலி, எட்டடிக்கு ஒரு தூண், ஆக எத்தனை தூண்? விடைக்குறிப்பில் பன்னிரண்டு. டெஸ்ஸா பதிமூன்று என்று எழுதியிருந்தாள். அதற்குப் பக்கத்தில் அப்பா பெரிதாக ஒரு 'சரி' போட்டிருந்தார்.

"பதிலையும் கையில குடுத்தாச்சு. பாத்துத் திருத்தவும் தெரியலன்னா நாங்க என்னதான் பண்றது, சொல்லுங்க?"

"பாத்தேன் மேடம். பாத்துட்டுத்தான் சரி போட்டேன்."

அவர் வலது கையை மேசைமேல் விரித்து வைத்தார். முள்கம்பி கிழித்த தழும்பு நாலைந்து இருந்தது.

"வேலி போடறதுதான் என் பொழப்பு. இந்த விரலெல்லாம் தூணுன்னு வைங்க. சந்து எத்தன? நாலு. விரல் அஞ்சு."

மிஸஸ் ப்ரூயிட் எண்ணவில்லை. நான் எண்ணினேன்.

"பன்னண்டோட நிறுத்தினா கடைசி எட்டடிக் கம்பி அந்தரத்துல தொங்கும். மாடு பூரா ஹைவேல நிக்கும்," என்றார். அதிகம் பேசிவிட்டோமோ என்று பயந்தவர்போலக் குரலைத் தாழ்த்திக்கொண்டார். "நானும் புள்ளையும் வீட்டுக்குப் பின்னாடி குச்சி நட்டுப் பாத்தோம் மேடம். மூணு தடவ."

"லோரெட்டா, நீ சொல்லு. எது சரி?" என்று மிஸஸ் ப்ரூயிட் என்னைக் கேட்டார்.

அந்த விடைக்குறிப்பை ஜூலை மாதம் டைப் அடித்தது நான்தான். தொண்ணூற்றாறை எட்டால் வகுத்தேன், பன்னிரண்டு வந்தது, அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன்.

"பதிமூணு," என்றேன். "தப்பு என்னோடது."

மிஸஸ் ப்ரூயிட் வகுப்பின் மற்ற தாள்களை இழுத்து ஒவ்வொன்றாகப் புரட்டினார். பதினான்கு தாள். பதினான்கிலும் பன்னிரண்டு, பதினான்கிலும் 'சரி', பதினான்கிலும் பெற்றோர் கையெழுத்து. அதில் ஒருவர் பல் டாக்டர், ஒருவர் வக்கீல், இரண்டு பேர் எஞ்சினீயர்.

அவர் கடிதத்தை நாலாக மடித்துக் கைப்பைக்குள் போட்டார்.

"வியாழக்கிழம டெஸ்ஸா வரட்டும்," என்றார். மன்னிப்புக் கேட்கவில்லை. அவரளவில் இதுவே அதிகம்.

ராட்லிஃபுக்கு மூச்சு வந்தது. எழுந்தார். எழுந்தவர் போயிருக்கலாம். மேலே கிடந்த ஒரு தாளை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார்.

"அட, இந்தப் பையன் மொதல்ல பதிமூணுதான் போட்டிருக்கான். அழிச்ச தடம் தெரியுது பாருங்க. நல்லா யோசிக்கிற புள்ள. யாரோ அதட்டி மாத்த வெச்சுட்டாங்க, பாவம்."

திறந்து வைத்திருந்த பேனாவை மூடினேன்.

தாளுக்குப் பின்னால் இன்னொரு தாள் குத்தப்பட்டிருந்தது. வீட்டு நாளில் எதிர்த்துப் பேசும் பிள்ளையை வேதவசனம் எழுத வைத்து, அதையும் சேர்த்து அனுப்பச் சொல்வது எங்கள் பள்ளி வழக்கம். பெற்றோருக்குக் கீழ்ப்படியச் சொல்லும் வசனம் அது. பத்து முறை எழுதியிருந்தான். ஏழாவதுக்கு மேல் எழுத்து கோணிக்கொண்டு போயிருந்தது.

ராட்லிஃப் அடியில் இருந்த கையெழுத்தைப் படித்தார். என்னைப் பார்த்தார். தாளைக் குப்புற வைத்துவிட்டு, தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார்.

என் மகன் கேலப் கீழே காரில் உட்கார்ந்திருந்தான்.