பச்சை மூடி டப்பா

"அந்தத் தையல்காரம்மாவை குரூப்பை விட்டுத் தூக்கறியா, இல்ல நான் வெளியே போகட்டுமா?"

நாலாவது மாடி பல் டாக்டரம்மா போனில் குதித்தாள்.

எங்கள் குடியிருப்பின் சைவ சமையல் குரூப்புக்கு நான்தான் அட்மின். மொத்தம் அறுபது பேர். பால், நெய்கூடச் சேர்க்காத வீகன் சமையல்வரை போட்டோவோடு போட்டு அசத்துவோம். போன வாரம் என் முந்திரிப்பால் காளான் குழம்புக்கு நாற்பத்தோரு ஹார்ட் விழுந்தது. சும்மா சொல்லக் கூடாது, பிரமாதமாகத்தான் இருந்தது.

இதற்கு நடுவில் தினமும் பதினொரு மணிக்கு டாண் என்று வந்து விழும், இரண்டாவது மாடித் தையல்காரம்மாவின் கைவண்ணம். மூன்று மாதமாக இந்தக் கூத்து.

"இன்னிக்கு என்ன எழுதியிருக்கா தெரியுமா? படிக்கிறேன் கேளு. 'பருப்புச் சாதம். ஒரு ஆளுக்கு. நீல டம்ளரில் அரிசி அரை, பாசிப்பருப்பு கால். கழுவி, அதே டம்ளரில் மூணு தண்ணி விட்டு குக்கரில் வைக்கவும். வெயிட் போட மறக்கக் கூடாது. நாலு விசில். உப்பு, பச்சை மூடி டப்பா. சிவப்பு மூடியில் இருப்பது சர்க்கரை, அதைத் தொட வேண்டாம்.' எங்க வீட்டு சிவப்பு மூடியில மிளகாய்த்தூள்தான் இருக்கு. நான் என்ன பண்ணட்டும்?"

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

"இரு, கடைசி வரியைக் கேளு. 'சாப்பிட்டவங்க ஒரு கட்டைவிரல் போடுங்க.' இப்படியா கேட்டு வாங்குவாங்க? தினம் ஒண்ணே ஒண்ணு விழுது. அதையும் அவளே போட்டுக்கிறாளோ என்னவோ!"

"சரி, விடு. இன்னிக்கே தூக்கிடறேன்."

பெயர்ப் பட்டியலைத் திறந்தபோது இன்னொரு எண்ணும் கண்ணில் பட்டது. முதல் மாடி டிரைவரண்ணன் மனைவியுடையது. அந்தம்மா இறந்துபோய் நாலு மாதம் ஆகிறது. எடுக்க யாருக்கும் மனசு வரவில்லை. எடுப்பதுதான் எடுக்கிறோம், இரண்டையும் ஒரே மூச்சில் எடுத்துவிடலாம் என்று நினைத்தேன்.

ஆனால் டிரைவரண்ணனிடம் ஒரு வார்த்தை சொல்லாமல் எப்படி? மனுஷர் ரோஷக்காரர். மனைவி போன புதிதில் நாங்கள் சாப்பாடு கொண்டுபோனால், "பரிதாபப்பட்டுப் போடற சோறு எனக்கு இறங்காதும்மா" என்று மூடியைக்கூடத் திறக்காமல் திருப்பிக் கொடுத்தவர். முப்பது வருஷம் பஸ் ஓட்டியவருக்கு வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாது. ஒரே மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டார்.

பன்னிரண்டரைக்குக் கீழே இறங்கினேன். கதவு திறந்தே இருந்தது. உள்ளே குக்கர் விசில் அடித்தது.

"வாம்மா, வா! ஒரு நிமிஷம். மூணு ஆச்சு, இன்னும் ஒண்ணு பாக்கி."

டிரைவரண்ணன் தோளில் துண்டோடு அடுப்புக்கு முன்னால் நின்றார். கன்னத்தில் சதை பிடித்திருந்தது.

மேடையில் அவர் மனைவியின் போனைச் சுவரில் சாய்த்து வைத்திருந்தார். அதன் பக்கத்தில் நீல டம்ளர். அதற்குப் பக்கத்தில் ஒரு பச்சை மூடி டப்பா, ஒரு சிவப்பு மூடி டப்பா.

இரண்டு டப்பாவையும் மாறி மாறிப் பார்த்தேன்.

"அண்ணா, இந்த டப்பா..."

"பச்சைல உப்பும்மா. சிவப்புல சர்க்கரை. ஆரம்பத்துல மாத்திப் போட்டுட்டேன். ஐயோ, வாயில வைக்க முடியல!" என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்தினார். "அன்னிக்கு ஒரு கிறுக்குத்தனம் பண்ணேன். அவ போனைத் திறந்து, உங்க குரூப்புல, அவளையே கேக்கற மாதிரி 'உப்பு எந்த டப்பா?'ன்னு எழுதிட்டேன். உடனே அழிச்சுட்டேன். நல்லவேளை, யாரும் பார்க்கல."

நாலாவது விசில் அடித்தது. அவர் அடுப்பை அணைத்தார்.

"மறுநாளே அந்தத் தையல்காரம்மா எழுத ஆரம்பிச்சாங்க. எவ்வளவு பொருத்தம் பாரேன்! உங்க எல்லார் வீட்டிலயும் உப்பு பச்சை மூடியிலதான் போல. என் வீட்டுக்காரிதான் உங்களுக்கெல்லாம் சொல்லிக் கொடுத்திருப்பா. சரிதானே?"

தினமும் சாயங்காலம் இதே சமையலறையில், அவர் மனைவியோடு உட்கார்ந்து டீ குடித்தவர் தையல்காரம்மா ஒருவர்தான்.

"ஆமாண்ணா. அவங்க சொல்லிக் கொடுத்ததுதான்" என்றேன். வந்த விஷயத்தை அப்படியே விழுங்கிவிட்டேன்.

எனக்கும் ஒரு கரண்டி வைத்தார். குழைய வெந்திருந்தது, உப்பு சரியாக இருந்தது. அவர் தட்டைக் காலி செய்துவிட்டுக் கையைத் துடைத்து, போனை எடுத்தார். கண்ணைச் சுருக்கித் தேடி ஒரு கட்டைவிரலைப் போட்டார்.

"இதை மட்டும் ஒரு நாளும் விடமாட்டேன். பாவம்மா, அந்தத் தையல்காரம்மா. தினம் மெனக்கெட்டு எழுதறாங்க, குரூப்புல ஒருத்தரும் கண்டுக்கறதில்லை. நானும் போடலேன்னா அவங்க மனசு என்ன பாடுபடும்?"

மாடிப்படி ஏறும்போதே டாக்டரம்மாவிடமிருந்து செய்தி வந்துவிட்டது. "தூக்கியாச்சா?"

நான் எழுதினேன்: "இல்ல. காரணம் நேர்ல சொல்றேன். நாளைக்கு நீயும் ஒண்ணு எழுது. எது வேணா எழுது. ஆனா ஒரு ஆளுக்கு. உப்பு, பச்சை மூடி டப்பா."