கூமுட்டை

இறகு உதிர்க்கிற கோழியை அடை வைத்தது என் புத்திகெட்ட வேலை. பத்தே நாளில் அது தோல் தெரிய மொட்டையானது. கூடையில் ஓர் இறகுகூட விழவில்லை. அதற்குத் தீனி வைத்த அக்காவுக்கும் முடி கொட்டி மண்டை தெரிந்தது. சீப்பில் ஒரு மயிர் இல்லை.

இருபத்தைந்தாம் நாளும் குஞ்சு பொரியவில்லை.

"எல்லாம் கூமுட்டைடி, தூக்கிப் போடு," என்றாள் அக்கா.

குப்பைக்குழியோரம் ஒன்றை உடைத்தேன். நாற்றம் குப்பென்று அடித்தது. உள்ளே சளியில் ஊறிய பழுப்பு இறகுகள்.

"ச்சீ!"

அடுத்ததை உடைத்தேன். வழவழவென்று விரலில் சுற்றிக்கொண்டு வந்தது, நீளமாக, கறுப்பாக. நுனியில் அக்கா போட்டிருந்த சாயத்தின் சிவப்பு.

மண்வெட்டியை எடுத்தேன்.

பின்னாலேயே வந்திருந்த அக்கா என் கையைப் பிடித்தாள். "புதைச்சுடாதடி. கழுவிக் குடு."