பக்கத்துச் சீட்

விதுசனின் கை றிஷானாவின் கைமேல் வந்து விழுந்தது. அவள் பிடியை இறுக்கிக்கொண்டிருந்தாள்.

"இறுக்கிப் பிடிக்காதீங்க. லேசா... இன்னும் லேசா," என்றான் அவன்.

அடுத்த நொடி சக்கரங்கள் ஓடுபாதையில் மோத, அந்தச் சின்னப் பயிற்சி விமானம் ஒருமுறை துள்ளியது. பயிற்றுநர் விதுசன் தன் பக்கத்துப் பிடியை இழுத்து அதை அடக்கினான். சீனக்குடா விமானப் பயிற்சிப் பள்ளியில் றிஷானா பறக்கப் பழகத் தொடங்கி இது பதினேழாவது நாள். இன்றைக்கும் அவளால் ஒழுங்காக இறக்க முடியவில்லை.

கம்பிவேலிக்கு வெளியே அவள் கணவன் பாஹிம் நின்றான். கிண்ணியாத் துறையில் மீன்படகுகளின் இஞ்சின் திருத்துகிறவன். காலையில் மோட்டார்சைக்கிளில் அவளைக் கொண்டுவந்து விட்டால் வேலைக்குப் போகவேண்டியதுதானே? போகமாட்டான். பயிற்சி முடியும்வரை வேலியைப் பிடித்தபடி அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்பான்.

திரும்பிப் போகும் வழியில் கேட்டான். "இண்டைக்கும் அவர் கை வைச்சவரா?"

றிஷானாவுக்கு முகம் சுட்டது. "ஓம், வைச்சவர்தான். வைக்காட்டி விமானமும் இல்ல, நானும் இல்ல."

அவன் மோட்டார்சைக்கிளை முறுக்கிக் கிண்ணியாப் பாலத்தைக் கடந்தான்.

முன்பு அவன் இப்படி இருந்ததில்லை. பேப்பரில் வந்த விமானப் பயிற்சி விளம்பரத்தை வெட்டிக்கொண்டு வந்து காட்டியவன் அவன்தான். படிவத்தை வரிவரியாக நிரப்பியவனும் அவன்தான். பொம்பிளைப் பிள்ளைக்கு இது தேவையா என்று கேட்ட சொந்தக்காரர்களிடம், "என்ட பொஞ்சாதி பறந்தா உங்களுக்கென்ன?" என்று முகத்துக்கு நேரே கேட்டவன்.

எல்லாம் விதுசனைக் காணும்வரைதான் என்று றிஷானா நினைத்தாள். டவுனில் ஓர்ஸ் ஹில் பக்கத்துப் பெடியன், இருபத்தெட்டு வயது, கறுப்புக் கண்ணாடி, மடிப்புக் குலையாத வெள்ளைச் சட்டை. முதல் நாள் அவர்கள் இருவரும் தோளோடு தோள் முட்ட உட்கார்ந்து மேலே போனதிலிருந்து பாஹிமின் சிரிப்பு போய்விட்டது. எவ்வளவு உயரம் போனீங்க, எத்தனை சுற்று, அவர் என்ன சொன்னார் என்று ஒன்றுவிடாமல் கேட்பான். பதில் சொன்னால் முகத்தைத் திருப்பிக்கொள்வான்.

மத்தியானச் சோற்றின்போது அவள் சொல்லிவிட்டாள். "மச்சான், நான் நாளையோட நிப்பாட்டுறன். உங்கட முகத்தைப் பார்க்க ஏலாம இருக்கு."

பாஹிம் சோற்றுக் கையோடு எழும்பினான். "நிப்பாட்டக் கூடாது. நீ போ. நானும் வருவன். எனக்குப் பார்க்கத்தான் வேணும்."

வேவு பார்க்கவா என்று நாக்கு நுனிவரை வந்ததை அவள் விழுங்கிக்கொண்டாள்.

மறுநாள் காலை மூன்று தரம் இறக்கினாள். மூன்றும் துள்ளவில்லை. நான்காவதற்கு ஓடுபாதையில் திரும்பும்போது விதுசன் விமானத்தை நிறுத்தச் சொன்னான். பெல்ட்டைக் கழற்றினான். கதவைத் திறந்தான்.

"சேர், எங்க போறீங்க?"

"நான் இனித் தேவையில்லை. ஒரு சுற்றுப் போயிட்டு வாங்க. இறக்கேக்க நிலத்தைப் பார்க்காதீங்க, ஓடுபாதையின்ர மற்ற நுனியைப் பாருங்க." வெறும் சீட்டின் பெல்ட்டை இறுக்கிப் பூட்டிவிட்டு அவன் புல்லில் இறங்கி நடந்தான்.

ஓராள் பாரம் குறைந்த விமானம் அவள் எதிர்பார்க்குமுன்பே நிலத்தை விட்டது. துறைமுகம் கீழே பச்சையும் நீலமுமாக விரிந்தது. நங்கூரமிட்ட கப்பல்கள், அவற்றுக்கப்பால் கொட்டியாரக் குடா, அக்கரையில் மூதூர். பக்கத்தில் யாருமில்லை, பிடியில் அவள் கை மட்டும். றிஷானா வாய்விட்டுச் சிரித்தாள். அந்த ஆறு நிமிடமும் பாஹிமின் ஞாபகமே வரவில்லை.

இறங்குகையில் மற்ற நுனியை மட்டும் பார்த்தாள். சக்கரம் தொட்டதே தெரியவில்லை.

கூடப் படிப்பவர்கள் வாளி வாளியாகத் தண்ணீர் ஊற்றினார்கள். தனியே பறந்து வந்தால் அங்கே அதுதான் வரவேற்பு. நனைந்த உடுப்போடு அவள் நேரே வேலிக்கு ஓடினாள். பாஹிமின் கண்கள் சிவந்திருந்தன.

"பார்த்தீங்கதானே மச்சான்? விதுசன் சேர் கீழதான் நிண்டவர். நான் தனியத்தான் போனனான். இப்ப உங்கட மனசு ஆறிச்சா?"

"இல்ல. இண்டைக்குத்தான் கூட எரியுது."

"ஏன்? அவர் பக்கத்திலேயே இல்லையே! பிறகு ஆரில உங்களுக்கு இவ்வளவு பொறாமை?"

பாஹிம் ஓடுபாதை ஓரத்தில் நின்ற விமானத்தையே பார்த்தான்.

"கலியாணத்துக்கு முந்தி நானும் பறக்கப் பழக இந்த வாசலுக்கு வந்தனான். சிவப்பும் பச்சையும் பிரிச்சுச் சொல்ல ஏலாத கண் எண்டு திருப்பி அனுப்பிட்டாங்க."

எத்தனையோ நாளுக்குப் பிறகு அவள் முகத்தை நேராகப் பார்த்தான்.

"உன்னிலதான் புள்ள பொறாமை."