கடைசிப் பத்து நிமிடம்

சஸ்பென்ஸ் படம் என்றால் குணசீலனுக்கு முதல் அரைமணி நேரம் போதும். "ரொம்ப நல்லவனா ஒருத்தன் ஓரமா நின்னு காபி குடிக்கிறான் பாரு, அவன்தான் கொலைகாரன்" என்று தியேட்டரில் நாலு வரிசைக்குக் கேட்கும்படி சொல்லிவிடுவார். வீட்டில் சீரியலையும் விட்டுவைத்ததில்லை. "நம்மளால கண்டுபிடிக்க முடியாத மாதிரி ஒரு கதை எழுதத் துப்பில்ல இவனுங்களுக்கு" என்பார். பெரும்பாலும் அவர் சொன்னதுதான் நடக்கும். "சொல்லாதீங்களேன்" என்று மனைவி மங்களேஸ்வரி கெஞ்சினால் இன்னும் சத்தமாகச் சொல்வார். கல்யாணமான நாளிலிருந்து ஒரு படத்தின் முடிவைக்கூட அவள் தானாகப் பார்த்துத் தெரிந்துகொண்டதில்லை.

பக்கவாதம் வந்து அவருக்குப் பேச்சு நின்றுபோனது. இப்போது மத்தியானந்தோறும் மங்களேஸ்வரி அவர் முதுகுக்குத் தலையணை கொடுத்து உட்காரவைத்து, ஒரு சஸ்பென்ஸ் படம் போடுகிறாள். பார்த்துக்கொண்டே கஞ்சி ஊட்டுகிறாள். நலம் விசாரிக்க வருகிறவர்கள், "இந்தக் காலத்துல யாருங்க இப்படிப் பாத்துக்கிறாங்க" என்று நெகிழ்ந்துபோகிறார்கள்.

கொலைகாரனின் முகமூடி கழலப்போகும் நேரத்தில் அவள் ரிமோட்டை எடுத்து டிவியை அணைக்கிறாள். அவர் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வருகிறது. அசைகிற இடது கை டிவியை நோக்கி எழுகிறது.

"ஒங்களுக்குத்தான் தெரியுமேங்க" என்று சொல்லி, வாயோரம் வழிந்த கஞ்சியைத் துடைத்துவிட்டுப் போகிறாள்.

மிச்சப் படத்தை அவள் அடுப்படியில் செல்போனில் பார்ப்பாள். அவர் கறுத்த திரையையே பார்த்துக்கொண்டிருக்கிறார். எழுந்த கை இன்னும் இறங்கவில்லை. கொஞ்ச நேரத்தில் உள்ளேயிருந்து அவள் குரல் கேட்கிறது.

"அடப்பாவி, இவனா!"