காலியாக வராத சாக்கு

சாக்கு கனத்தது.

காலிச் சாக்குக்கு எதற்கு இந்தக் கனம் என்று சுகிர்தபாய் வெளியே எட்டிப் பார்த்தாள். சாமான் ஏற்றிப்போகிற ஈசாக்கின் ஜீப் அதற்குள் பாறசாலை ரோட்டில் ஏறிவிட்டிருந்தது.

வழக்கமாக ஹாரன் சத்தம் கேட்டதும் தங்கப்பன்தான் ரோட்டுக்கு ஓடுவார். சாக்கை அவரே வாங்கி, அவரே உதறி, மடித்து வைப்பார். இன்று தலையில் எண்ணெயோடு குளியலறைக்குள் நின்றிருந்தார். இடவப்பாதி மழை வேறு. ஈசாக்கு காத்திருக்கிற ஆள் இல்லை. அடுக்களை வாசலில் சாக்கை வைத்து, “சாதனம் எல்லாம் காட்டாக்கடையில எறக்கியாச்சு, அக்கா” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

எல்லாம் அந்த வாசகசாலைக் கூட்டத்தில் வந்த வினை. தொண்ணூற்றாறாம் ஆண்டு நெய்யாற்றிங்கரையிலிருந்து யாரோ ஒருவர் வந்து, பூமி எப்படிக் குப்பைமேடாகிறது என்று பேசிவிட்டுப் போனார். மற்றவர்கள் சாயா குடித்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள். தங்கப்பன் மட்டும் திருந்திவிட்டார்.

மின்சார வாரியத்தில் லைன்மேனாக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் பாதியில் விடுகிற பழக்கம் கிடையாது. கிழிந்த பனியன் எல்லாம் கரித்துணி ஆயிற்று. பழைய குப்பிகள் அரிஷ்டம் ஊற்றுவதற்கு வைத்தியர் கடைக்குப் போயின. முற்றத்தில் குப்பை கொளுத்துவது அடியோடு நின்றது. பிளாஸ்டிக் கவர்களைக் கழுவிக் கொடியில் காயப்போட்டார்; வழியோடு போனவர்கள் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள்.

இதுவரை சுகிர்தபாய்க்கும் சம்மதம்தான். புகை இல்லாமல் இருமல் குறைந்திருந்தது.

பிறகு அவர் லிஷாவின் அறைக்குள் நுழைந்தார்.

லிஷா அவர்களுக்கு ஒரே மகள். பெயின்ட் அடிக்க வந்த மனுவோடு போய்ப் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். பையன் வேறு மதம். சர்ச் சபைக் கமிட்டிக்காரர்கள் வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது தங்கப்பன் சொல்லிவிட்டார்: இந்த வீட்டிலிருந்து சீர் என்று ஒரு கரண்டி அவளுக்குப் போகாது, அவள் பெயரும் இங்கே கேட்கக் கூடாது. கம்பத்தில் ஏறி இணைப்பைத் துண்டித்துவிட்டு இறங்குகிற அதே முகம்.

அதில் மாட்டிக்கொண்டது சுகிர்தபாய். புருஷனை அவள் கூப்பிட்டுவந்ததே ‘லிஷாக்க அப்பா’ என்றுதான். அந்தப் பெயர் போனதும் கூப்பிட ஒன்றும் இல்லாமல் போயிற்று. அன்றிலிருந்து டம்ளரை மேசைமேல் டொக்கென்று வைத்துத்தான் அவரை அழைக்கிறாள்.

மகள் இருக்கும் இடமும் தெரியாது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருத்தி கள்ளிக்காடு என்றாள். இன்னொருத்தி, அவள் கேரளத்திலேயே இல்லை என்று அடித்துச் சொன்னாள்.

“ஒரு வருஷம் தொடாத சாதனம் பூமிக்குப் பாரமாக்கும். கொளுத்தவும் வேண்டாம், ஆத்துல எறியவும் வேண்டாம். வேணும்னு உள்ளவன் எடுக்கட்டு” என்றார் தங்கப்பன்.

லிஷாவின் கட்டில் போயிற்று. தையல் மிஷின் போயிற்று. கல்யாணத்துக்கென்று சீட்டுக் கட்டி வாங்கிவைத்த பாத்திரங்கள் சாக்கு சாக்காக ஜீப்பில் ஏறின. இல்லாதவர்களுக்கு எடுத்துக் கொடுக்கிற ஆள் ஒருவர் காட்டாக்கடையில் உண்டாம். சாக்கு மட்டும் திரும்பி வந்துவிட வேண்டும். அதையும் வீணாக்கக் கூடாது பாருங்கள்.

பெற்ற மகளைத் துடைத்து எடுக்கிறார் இந்த மனுஷர் என்று சுகிர்தபாய் அடுக்களையில் உட்கார்ந்து அழுதாள். பூமி குளிர்ந்தால் சரி, என் வயிறு எரிந்துவிட்டுப் போகட்டும் என்று பானையிடம் சொன்னாள். ஒன்றே ஒன்றை மட்டும் அரிசிப் பெட்டிக்குப் பின்னால் ஒளித்துவைத்தாள். லிஷா தூங்கிய துணித்தொட்டிலை விரித்துப் பிடித்திருந்த பலாமரக் கம்பு அது.

இப்போது சாக்கின் வாயை அவிழ்த்தாள்.

உள்ளே வாட்டிய வாழையிலையில் ஒரு பொதி.

அந்தப் பக்கத்தில் வாங்கின பாத்திரத்தை யாரும் வெறுமனே திருப்பித் தரமாட்டார்கள். இரண்டு முருங்கைக்காயாவது போட்டுத்தான் தருவார்கள். லிஷாவைச் சுகிர்தபாய் அப்படித்தான் வளர்த்தாள். ஆனால் பழைய சாமான் வாங்குகிறவன் சாக்குக்கு அந்த மரியாதை செய்து அவள் கேள்விப்பட்டதில்லை.

பொதியில் முந்திரிக்கொத்துப் பலகாரம் இருந்தது. ஊரில் எல்லோரும் மூன்று மூன்று உருண்டையாகச் சேர்த்துத்தான் மாவில் முக்கிப் பொரிப்பார்கள். இது நான்கு நான்காக ஒட்டியிருந்தது.

சுகிர்தபாய் ஒன்றைக் கடித்தாள். பல் இறங்கவில்லை.

பயறும் கருப்பட்டியும் சேர்த்துக் கருங்கல் செய்யத் தெரிந்தவள் உலகத்தில் ஒருத்திதான் உண்டு. லிஷா வீட்டில் இருந்தபோது தங்கப்பன் அதைத் தன் பிளையரால் உடைத்து, திட்டிக்கொண்டே தின்று தீர்ப்பார்.

பிளையர் என்றதும் அவளுக்கு நினைவு வந்தது. போன மாதம் அதில் எறும்பு மொய்த்திருந்தது. ஒன்றும் யோசிக்காமல் சோப்புப் போட்டுக் கழுவி வைத்திருந்தாள்.

முதலில் அவளுக்குக் கோபம்தான் வந்தது. பெற்றவளை அழவிட்டுவிட்டு, மனுஷர் தனியாக நின்று தின்றிருக்கிறார். கமிட்டிக்கு முன்னால் சொன்ன சொல்லிலும் ஒரு கீறல் இல்லை. சீர் எங்கே போயிற்று, போனதெல்லாம் வேண்டாத சாமான்தானே. நினைக்க நினைக்கச் சிரிப்பு வந்தது, கண்ணும் நிறைந்துவிட்டது.

தங்கப்பன் தலை துவட்டிக்கொண்டு வந்து நாற்காலியில் உட்கார்ந்து பத்திரிகையை விரித்தார். மேசையில் வாழையிலை விரிந்து கிடந்தது. பக்கத்தில் பிளையர். சுகிர்தபாய் தொட்டில் கம்பைக் கொண்டுவந்து அவற்றோடு வைத்தாள். டம்ளரை அவள் தேடவில்லை.

“இதும் தொடாமத்தான் கெடக்குது, லிஷாக்க அப்பா.”

தங்கப்பன் இலையைப் பார்த்தார். கம்பைப் பார்த்தார். பத்திரிகையில் ஒரு பக்கம் திருப்பினார்.

“அது இப்ப வேண்டாம். ஓணம் கழிஞ்சுதான் தேவப்படும், அப்ப குடுத்துவிட்டாப் போதும்.”