திரும்பும் எண்ணம்

வரியில்லாத் தீவுக்குக் குடிபோவதா வேண்டாமா என்று மெய்யழகன் ஒரு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டார். போனால் சம்பளம் முழுசாகக் கைக்கு வரும். ஆனால் வருடத்துக்கு இருபது நாள்தான் கோவையில் தங்கலாம்; மீறினால் வரி. மனைவி தமயந்திக்கு இங்கே பள்ளிக்கூட வேலை, கூட வர முடியாது. எப்படிப் பார்த்தாலும் போவதுதான் லாபம் என்று தோன்றியது. போனார். 

ஒன்றை மட்டும் அவர் யோசிக்கவில்லை. ஊருக்கே திரும்பிவிடும் எண்ணம் இருப்பதாக வாய்விட்டுச் சொன்னால் முழு வரியும் கட்ட வேண்டும். அதைக் கேட்பதற்கென்றே தீவுக்குக் குடிபோனவர்களின் சட்டையில் வரித்துறை ஒரு பொத்தானைத் தைத்திருந்தது. ஆகவே கிளம்பும்போது "போயிட்டு வர்றேன்" என்று சொல்லக் கூடாது. "போறேன்" என்றுதான் சொல்ல வேண்டும்.

முதல் வருடம் தமயந்தி பதறிப்போனாள். "போறேன்னு சொல்லலாமாங்க? வாயைக் கழுவுங்க!" என்றாள். மறுவருடம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் தலையாட்டப் பழகிவிட்டாள்.

இது ஏழாவது வருடம். வாசலில் கார் நின்றது. பெட்டியைத் தூக்கியவர் திரும்பிப் பார்த்தார்.

"தமயந்தி, போயிட்டு வர்றேன்."

பொத்தான் சிவந்தது.

அவர் சமாளிப்பதற்குள் அவள் ஓடிவந்து சட்டையைப் பிடித்தாள். ஏழு வருடத்தில் இவ்வளவு நெருங்கி வந்ததில்லை. ஆனால் குனிந்து பொத்தானிடம்தான் பேசினாள்.

"பழக்கத்துல சொல்லிட்டாருங்க. அவரு வரமாட்டாரு."

பொத்தான் உடனே நம்பிவிட்டது.